வெள்ளிக் காசில் யார் தலை? யார் எழுத்து?

கரிசற்காட்டில் முதன்மழை விழுந்து நிலத்தின் வெடிப்புகள் மூடிக்கொள்ளும் காலம். எம் பள்ளி மாணவன் ஒருவன் ஒரு வெள்ளிக் காசைத் துணியில் முடிந்து கொண்டுவந்து என் முன் வைத்தான்.

"ஐயா, இஃது உரோமக் காசா?"

அவன் பாட்டி வீட்டு அடுக்குப்பானையின் அடியில் கிடந்ததாம். எடுத்துப் பார்த்தேன். உரோமக் காசன்று, 1862 என்று பொறித்த, விக்டோரியா அரசியின் தலையுடைய உருபா. உண்மையைச் சொன்னேன். முகம் வாடியவன், காசை இருபுறமும் புரட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு வினாவைத் தொடுத்தான்:

"நம்மூரில் செலவான காசில் நம் எழுத்து ஏனையா இல்லை?"

வெள்ளையன் ஆண்ட காலத்துக் காசில் தமிழ் எப்படியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. இன்றைய காசுகள் நான்கை எடுத்து அவன்முன் வைத்தேன். அவற்றிலும் தமிழ் இல்லை! சொல்லவந்த விடை தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்று அவனுக்குச் சொல்லாமல் விட்ட விடையைத்தான் இங்கு எழுதுகின்றேன்.

*காசு என்பது வெறும் மாழையன்று*

காசைப் பலரும் கொடுக்கல் வாங்கற் கருவியாக மட்டுமே கருதுகின்றனர். அது பிழை. அச்சுப்பொறி இல்லாத காலத்தில், ஓர் அரசு தன்னைப் பற்றி மக்களிடம் சொல்லிக்கொள்ள விரும்பியதையெல்லாம் கைக்குக் கை கொண்டுசென்ற ஓலை காசேயாகும். காசின் முகத்தில் இருப்பவன் ஆள்பவன். காசின் விளிம்பில் இருப்பது ஆளும் மொழி. இதனை உலகில் உரோமர்போல் உணர்ந்தவர் சிலரே.

உரோமரின் வெள்ளிக் காசுக்குத் 'தெனாரியசு' என்று பெயர். அகசுத்தசு காலத்தில் ஒரு காசு ஏறத்தாழ 3.9 கிராம் எடையும், கலப்பு மிகக் குறைந்த வெள்ளியும் உடையது. தமிழகத்தில் கிடைத்துள்ள உரோம வெள்ளிக் காசுகளிற் பெரும்பாலானவை இரண்டே வகையின. இரண்டையும் என் மாணவர்க்குப் படத்திற் காட்டுவேன்.

முதல் வகை, அகசுத்தசின் காசு. ஒருபுறம் வாகைமாலை சூடிய அவன் தலை. சுற்றிலும், தெய்வமாக்கப்பட்டவனின் மகன், நாட்டின் தந்தை என்று இலத்தீன் எழுத்திற் பொறிப்பு. மறுபுறம் இரண்டு இளைஞர் நிற்கின்றனர். நெடிய ஆடை, நடுவே கேடயங்கள், அவற்றின் பின்னே வேல்கள், மேலே பூசைக்குரிய அகப்பையும் குறிசொல்வோரின் வளைகோலும். இவ்விருவரும் காயசு, இலூசியசு என்னும் அவன் பேரப்பிள்ளைகள். மகள்வயிற்றுப் பேரரை மகன்களாக மகவேற்று, 'எனக்குப் பின் இவர்களே' என்று உலகுக்கு அறிவிக்கவே இக் காசை அடித்தான். இன்று பிரெஞ்சு நாட்டின் இலியோன் நகரமாக உள்ள இலுகுதூனத்தில், கி.மு. 2 முதல் இது பெருந்தொகையாக அடிக்கப்பட்டது. ஆனால் இலூசியசு கி.பி. 2-இலும் காயசு கி.பி. 4-இலும் மாண்டனர். பட்டமேறாமல் மாண்ட இரு பிள்ளைகளின் உருவம், அவர்கள் பெயரையே அறியாத கொங்குநாட்டு வணிகனின் பணப்பையிற் கிடந்து ஒலித்தது! வேந்தரின் விருப்பத்தைக் காலம் மதிப்பதில்லை. வெள்ளியின் எடையைத்தான் மதிக்கின்றது.

இரண்டாம் வகை, கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட தைபீரியசின் காசு. ஒருபுறம் அவன் தலை. மறுபுறம் ஒரு பெண் இருக்கையில் அமர்ந்திருக்கின்றாள். ஒரு கையில் நீள்கோல், ஒரு கையில் இளங்கிளை. அமைதித் தெய்வத்தின் கோலத்தில் இருக்கும் அவள், அரசனின் தாய் இலிவியாவே என்பர் பலர். அருகில் 'தலைமைப் பூசகன்' என்னும் பட்டம். ஆட்சியும் பூசையும் ஒரே கையில் என்பதே இதன் பொருள். வரி கொடுக்கலாமா என்று கேட்டவரிடம் ஏசு பெருமான் ஒரு காசை வாங்கி, அதிலுள்ள தலை யாருடையது என வினவியதாகக் கிறித்தவ மறை கூறும். அக் காசு இவ்வகையே என்பது அறிஞர் பலரின் கருத்து. எருசலேமில் அடிமைத்தனத்தின் அடையாளமாக நின்ற அதே காசு, பொள்ளாச்சியில் வெறும் வெள்ளியாக நின்றது. அங்கே அது வரி. இங்கே அது விலை. இவ் வேறுபாட்டைத் தமிழர் நெஞ்சிற் பதித்துக்கொள்ள வேண்டும்.

*கொங்கிற் குவிந்த வெள்ளி*

1800-ஆம் ஆண்டில் பொள்ளாச்சியில் ஒரு பானை நிறைய இவ்விரு வேந்தரின் வெள்ளிக் காசுகள் அகப்பட்டன. 1891-இல் உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஏறத்தாழ 1,400 காசுகள். கருவூரிலும் குவியலாகக் கிடைத்தன. புதுக்கோட்டையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் 1898-இல் வெளிப்பட்டவையோ ஐந்நூறு பொற்காசுகள். வெள்ளிப் புதையல்கள் கொங்கில் மிகுந்திருப்பதற்குக் காரணமுண்டு. மேலைக்கடற்கரையின் முசிறியிலிருந்து பாலைக்காட்டுக் கணவாய் வழியே உள்நாட்டுக்கு வரும் பெருவழி அங்கேதான் செல்கின்றது. உரோமப் பெண்டிர் விரும்பிய பச்சைக்கல் படியூரில் அகழப்பட்டது. கொடுமணலில் மணிகள் பட்டை தீட்டப்பட்டன.

யவனர் கலம் பொன்னைக் கொண்டுவந்து மிளகைக் கொண்டுசென்றதை, அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிவைத்தார். அதனைப் புலவரின் புனைவு என்று நகைத்தவர் உண்டு. வியன்னாவில் உள்ள ஒரு தாள்நாணற் சுவடி 1985-இல் வெளியிடப்பட்டபின் அந் நகைப்பு அடங்கிற்று. முசிறியிலிருந்து சென்ற 'எர்மபொல்லோன்' என்னும் ஒரு கலத்தின் சரக்குக் கணக்கு அது. அச் சரக்கின் மதிப்பு மட்டும் ஏறத்தாழ 70 இலக்கம் செசுதெர்சு. ஒரே கலம்!

ஆண்டுக்கு ஐந்து கோடி செசுதெர்சு இந்திய நாட்டுக்குப் போய்விடுகின்றதே என்று பிளினி புலம்பினார். நான்கு செசுதெர்சு ஒரு வெள்ளிக் காசு. அனைத்தையும் வெள்ளியாகக் கணக்கிட்டால் ஒன்றேகாற் கோடிக் காசு. எடையில் 48,000 கிலோகிராமுக்கு மேல். தம் நாட்டுச் செல்வரின் ஆடம்பரத்தைக் கடிந்தெழுதியவர் அவர். அவர் சொன்ன தொகையை அணுவும் பிசகாத கணக்காகக் கொள்ளல் வேண்டா. உரோமர் நமக்குத் திறை செலுத்தினர் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதும் பொருந்தாது. அது திறையன்று, விலை. விலை பெறுவதில் இழிவில்லை; திறை பெற்றதாகப் பொய் சொல்வதில்தான் இழிவு. உண்மையே நமக்குப் போதிய பெருமையைத் தரும்போது மிகை எதற்கு?

*தலையை வெட்டிய கை*

இப் புதையல்களில் என்னைப் பெரிதும் ஈர்த்த செய்தி ஒன்றுண்டு. கருக்காக்குறிச்சியிற் கிடைத்த பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மீது, வேந்தனின் தலைக்கு நேராக உளியால் ஒரு வெட்டு விழுந்துள்ளது. வேறு புதையல்களின் வெள்ளிக் காசுகள் சிலவற்றிலும் வெட்டும் குறியும் உள்ளன. உள்ளே செம்பு மறைந்திருக்கின்றதா என ஆய்வதற்கு வெட்டினர் என்பர் சிலர். இது காசாகச் செல்லாது, மாழையாகவே செல்லும் என்று காட்டுவதற்கு வெட்டினர் என்பர் சிலர். எதுவாயினும் ஒன்று உறுதி. வெட்டிய கைக்கு உரோம வேந்தனிடத்தில் அச்சமில்லை. உரோமில் அத் தலையை வெட்டுவோன் தன் தலையை இழந்திருப்பான். இங்கே ஒரு தட்டான், உலகாண்டவன் முகத்தின் மேல் உளியை வைத்து, 'நீ பொன்னா, அன்றா?' என்று கேட்டான்.

எடையையும் தூய்மையையும் நம்மவர் ஆய்ந்தறிந்தனர் என்பதற்கு இன்னொரு சான்று. கி.பி. 64-ஆம் ஆண்டளவில் நீரோ, வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். அதன்பின் அடித்த வெள்ளி இங்கு அரிதாகவே கிடைக்கின்றது. பழைய அகசுத்தசும் தைபீரியசுமே மிகுந்து கிடைக்கின்றனர். மட்டத்தை நம் வணிகன் விரும்பவில்லை. கிளாடியசு காலத்தில் ஈழத்தீவுக்குக் காற்றால் ஒதுங்கிய உரோமன் ஒருவனின் காசுகளைப் பார்த்த அந்நாட்டரசன், தலைகள் வெவ்வேறாயிருந்தும் எடை ஒன்றாயிருப்பதைக் கண்டு வியந்தானென்று பிளினியே எழுதியுள்ளார். தலையைக் கண்டு மயங்காமல் நேர்மையைக் கண்டு மதித்த மக்கள் வாழ்ந்த கடற்பகுதி இது!

*படியெடுத்தவனும் படைத்தவனும்*

உரோமக் காசு இங்கு வந்தபின் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. இவ் விரண்டின் வேறுபாட்டிலேதான் நமக்குரிய பாடம் அடங்கியுள்ளது.

முதலாவது, படியெடுத்தல். உரோமக் காசைப் பார்த்து அப்படியே போலிக் காசு அடித்தவர்கள் இந்நாட்டில் இருந்தனர். அவர்கள் தலையை ஓரளவு ஒப்பச் செதுக்கினர். ஆனால் எழுத்து? இலத்தீன் அறியாக் கையால் அவ் வெழுத்தை எழுதியபோது, அது வெறுங்கோடும் புள்ளியுமாகச் சிதைந்தது. பொருளில்லாத எழுத்து! பிறன் மொழியைப் பொருளறியாமல் வாயில் நிரப்பிக்கொண்டு திரியும் இற்றைத் தமிழனின் பேச்சைப் போன்றது அக் காசு.

இரண்டாவது, படைத்தல். கருவூரில் அமராவதி ஆற்றுப் படுகையிற் சேரரின் வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அவற்றில் ஒரு மாந்தனின் தலை. பக்கவாட்டில் நோக்கும் முகம். உரோமக் காசைப் பார்த்துக் கற்ற கலை அது என்பதில் ஐயமில்லை. ஆனால் தலைக்கு மேல் உள்ள எழுத்து இலத்தீன் அன்று, வடமொழியும் அன்று. தமிழி எழுத்தில் 'மாக்கோதை' என்றும், இன்னொரு வகையிற் 'குட்டுவன் கோதை' என்றும் பொறித்துள்ளனர். காசறிஞர் இரா. கிருட்டிணமூர்த்தி இவற்றைத் திரட்டி ஆராய்ந்து உலகறியச் செய்தார். 1980-களில் அவர் கண்டுபிடித்த பாண்டியரின் செப்புக் காசு ஒன்று, குதிரை உருவத்துடன் 'பெருவழுதி' என்னும் தமிழ்ப் பெயரைத் தாங்கியுள்ளது. தக்காணத்தை ஆண்ட சாதவாகனர்கூடத் தம் வெள்ளிக் காசின் ஒருபுறம் பாகதத்தையும் மறுபுறம் தென்மொழியையும் பொறித்தனர். அம் மொழியைத் தமிழென்றே அறிஞர் பலர் படித்துள்ளனர்.

மாக்கோதை செய்ததைச் சற்றே எண்ணுமின்! அவன் உரோமரின் கலையை வெறுத்தொதுக்கவில்லை. உரோமனின் முகத்தைத் தன் காசில் ஒட்டவைத்துக்கொள்ளவும் இல்லை. கலையைக் கற்றான், தன் முகத்தை வைத்தான், தன் எழுத்தால் எழுதினான். தனித்தமிழ் இயக்கம் தொடக்க நாள் முதலாகச் சொல்லிவருவதும் இதுவேயன்றி வேறென்ன? அறிவியலை எந் நாட்டினின்றும் கொள்க. அதற்குப் பெயரைத் தமிழில் இடுக. நம்மைக் குறுகிய நெஞ்சினர் என்று பழிப்போர் மாக்கோதையின் காசை ஒருமுறை பார்க்கட்டும்.

நம் குறையையும் மறைக்க வேண்டா. கடல் கடந்து வென்ற பெருஞ்சோழரின் காசுகளிலோ நாகரி எழுத்து! இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிற் சுவரெல்லாம் தமிழைப் பொறித்தான். தன் காசில் மட்டும் தன் பெயரை நாகரியில் எழுதினான். பேரரசு விரிந்தபோது எழுத்துச் சுருங்கிற்று. பின்வந்த பாண்டியர் 'எல்லாந்தலையானான்' என்றும் 'சுந்தரபாண்டியன்' என்றும் தமிழிற் பொறித்து அக் குறையை ஒருவாறு நீக்கினர். வணிகம் செய்யவந்த ஆங்கிலக் கும்பினிகூட 1807-ஆம் ஆண்டளவிற் சென்னையில் அடித்த வெள்ளிப் பணங்களில் தமிழையும் தெலுங்கையும் பொறித்தது. 1835-இல் நாடு முழுமைக்கும் ஒரே உருபா என்று வந்தபோதுதான் தமிழ் வெளியேற்றப்பட்டது. என் மாணவன் கொண்டுவந்த காசு அவ் வெளியேற்றத்தின் பிள்ளை. என் சட்டைப்பையிற் கிடந்தவை அதன் பேரப்பிள்ளைகள்!

*இற்றை நிலை*

இன்று இந்திய ஒன்றியத்தின் காசில் இரண்டே எழுத்து: நாகரி, உரோமன். தாளிலோ பின்புறத்தில், பதினைந்து மொழிகள் அடுக்கிய சிறு கட்டத்துள் தமிழுக்கு ஒரு வரி. முன்புறத்து அரியணை இந்திக்கும் ஆங்கிலத்துக்குமே. 2010-இல் ஏற்ற உருபாக் குறியும் நாகரியின் 'ர' எழுத்தைத் தழுவியதே. அதனை வரைந்தவரோ தமிழர்! 2025-இல் தமிழக அரசு தன் வரவு செலவுத் திட்ட அடையாளத்தில் அக் குறியை நீக்கித் தமிழெழுத்தை இட்டபோது, நாடே பிளந்துவிட்டதுபோற் கூக்குரலிட்டனர். அரசு இட்ட 'ரூ' என்னும் எழுத்தும் இலக்கணப்படி சரியன்று. ரகரம் தமிழில் மொழிமுதலாகாது. உருபா என்னும் சொல்லும் நமதன்று. காசு என்பதே நம் சொல். தென்னாட்டுச் சிறு செப்புக் காசை வெள்ளையர் தம் நாவிற்கேற்பத் திரித்து வழங்கியதும் இச் சொல்லையே. அது நிற்க. ஒரு குறியை மாற்றியதற்கே இத்தனை சினம் எழுமாயின், எழுத்தின் ஆற்றலை நம்மினும் அவர்கள் நன்குணர்ந்துள்ளனர் என்பதன்றோ பொருள்?

நினைவுக் காசுகளில் தமிழ் எட்டிப் பார்த்ததுண்டு. அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டுக்கு 2009-இல் வந்த ஐந்து உருபாக் காசில் அவர் தமிழ்க் கையெழுத்து உண்டு. 2024-இல் வெளியான கலைஞர் நூற்றாண்டு நூறு உருபாக் காசில் 'தமிழ் வெல்லும்' என்று பொறித்தனர். மகிழ்ச்சியே. ஆனால் நூறு உருபா நினைவுக் காசு பேழைக்குள் உறங்குவது, கடைக்குச் செல்லாது. விழாவுக்கு ஒரு தமிழ், வாழ்வுக்கு வேறு மொழி என்னும் நிலை நமக்கு வேண்டா.

'இருபத்திரண்டு மொழிகளை ஒரு சிறு காசில் எப்படி ஐயா பொறிப்பது?' என்று அறிவாளிகள் கேட்பர். கேட்கத்தக்க வினாவே, விடையும் உண்டு. நான்கு மொழி வழங்கும் சுவிட்சர்லாந்து, எந்த மொழியாரும் குறைபடாதவாறு தன் காசில் நாட்டின் பெயரை யாருக்கும் தாய்மொழியாக இல்லாத இலத்தீனிற் பொறிக்கின்றது. பெல்சியம், பொதுக் காசான யூரோவுக்கு மாறும் வரை, பிரெஞ்சு எழுத்தில் ஒரு பகுதியும் இடச்சு எழுத்தில் ஒரு பகுதியுமாகக் காசு அடித்தது. சிங்கப்பூர்க் காசில் நான்கு மொழிகள். அவற்றுள் தமிழும் ஒன்று. ஈழத்தமிழரை ஒடுக்கிய இலங்கையின் காசிலும் தமிழ் உண்டு! தமிழரே பெரும்பான்மையராக இல்லாத நாடுகளின் காசில் தமிழ் நிற்க, எட்டுக் கோடித் தமிழர் வரி செலுத்தும் நாட்டின் காசில் தமிழ் இல்லை. இந்திய ஒன்றியத்திற்கு நான்கு அக்கசாலைகள் உள்ளன. ஒவ்வோர் அக்கசாலையும் ஒவ்வொரு மொழித்தொகுதியைப் பொறித்தால் என்ன கேடு? எல்லா மொழிக்கும் இடமில்லையென்றால், எண்ணையும் பொதுவான ஓர் உருவத்தையும் மட்டும் பொறித்து இந்தியையும் நீக்கட்டும். ஒன்று, எல்லார்க்கும் இடம். அன்றேல், எவர்க்கும் தனியிடமில்லை. இதைவிட நேர்மையான கோரிக்கை ஏது?

*நாம் செய்ய வேண்டுவன*

அரசிடம் கேட்பது ஒருபுறம் இருக்க, நம் கடமையும் ஒன்றுண்டு. கிணறு தோண்டும்போதும், மேட்டுநிலத்தைத் திருத்தும்போதும், ஆற்று மணலை அள்ளும்போதும் பழங்காசு அகப்பட்டால், நம் மக்கள் முதலில் ஓடுவது நகைக்கடைக்கே. அங்கே அது மாழையின் விலைக்குப் போய் உருக்கு மண்ணில் முடிகின்றது. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, பத்து உருபாவுக்கு மேல் மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். சட்டத்துக்கு அஞ்சி அன்று. வரலாற்றுக்கு இரங்கி அறிவிக்க வேண்டும். உருக்கிய காசிற் பெயரில்லை. மாக்கோதையின் காசும் யாரோ ஒரு தட்டானின் குகையில் உருகியிருந்தால், இன்று நாம் எதைக் காட்டி வாதிடுவோம்? ஆசிரியப் பெருமக்கள், உரோம வேந்தரின் பட்டியலைச் சொல்லிக்கொடுக்கும் அன்றே மாக்கோதையின் படத்தையும் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும்.

எம் மாவட்டத்தில் கொற்கையை அடுத்து 'அக்கசாலை' என்று ஓர் இடம் உண்டு. காசடிக்கும் சாலை என்பது அதன் பொருள். கால்டுவெல் பெருமகனாரும் அதனைக் குறித்துள்ளார். கொற்கை முத்தை உலகம் விரும்பி வாங்கிய காலத்தில், தன் காசைத் தானே அடித்த இனத்தின் நினைவு அவ்வூர்ப் பெயரில் இன்றும் கிடக்கின்றது.

அந்த மாணவனை மறுநாள் அழைத்து மாக்கோதையின் படத்தைக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஐயா, இது நம் பெயர்!" என்றான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வெள்ளிக் காசைப் பார்த்து ஒரு கரிசற்காட்டுப் பிள்ளை அப்படிச் சொல்ல முடிகின்றது. அவன் கையில் நாளை புழங்கும் காசைப் பார்த்தும் அப்படிச் சொல்லும் நாள் வரவேண்டும். அதுவரை நம் கோரிக்கை ஓயாது.